இருபத்தைந்தில் ஒரு தேர்

ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் தேரை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அதன் பருமனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கனத்த சக்கரங்கள், அவற்றின் மேல் அடுக்கடுக்காகச் சிற்பம் செதுக்கிய மரப்பீடம், பீடத்தின் மேல் மூங்கில் சட்டம் கட்டித் துணி போர்த்திய விமானம், மூலைக்கு மூலை தொங்கும் துணித் தொம்பைகள். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்க, அது ஒரு அசைவு அசைந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு உருளத் தொடங்கும்.

இந்த அத்தியாயம் அந்தத் தேரைச் சிறிதாக்குவது பற்றியது. மேசைமேல் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் உருள வேண்டும். தெரு முனையில் திரும்ப வேண்டும். பார்வைக்குத் தேர் மாதிரி இருந்தால் போதும் என்றால் வேலை ஆசாரியோடு முடிந்துவிடும். தேர் நடப்பதைப் போலவே நடக்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இயற்பியலுக்குள் இறங்கியாக வேண்டும். தேரைச் சிறிதாக்கிவிடலாம், புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது. எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சின்னத் தேர் செய்யும் ஆசை நமக்குப் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவத்துக்குப் பெயரே சிறுதேர். அந்த இலக்கிய வகைக்கு ஊற்றுக்கண் என்று கருதப்படும் பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆனால் அந்தச் சிறுதேர்களுக்கு உருண்டால் போதும். நமக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

கணக்குக்குத் திருவாரூர் ஆழித்தேரின் எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் அதே குடும்பம்தான். இரண்டும் தமிழ்நாட்டின் பெரிய தேர்கள் வரிசையில் முன்னால் நிற்பவை. அலங்காரம் முடிந்த ஆழித்தேரின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன். நாம் செய்யப்போவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. உயரம் 117 சென்டிமீட்டர் வரும். சக்கரத்தின் விட்டம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் அது 10 சென்டிமீட்டர். எடை எவ்வளவு இருக்க வேண்டும்? 300 டன்னை 25-ஆல் வகுத்து 12 டன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 25 மடங்கு குறைவதால் கன அளவு 25 × 25 × 25, அதாவது 15,625 மடங்கு குறைகிறது. அதே மரம், அதே இரும்பு என்றால் எடை சுமார் 19 கிலோ. பரப்பளவு மட்டும் 625 மடங்கோடு நின்றுவிடுகிறது.

25, 625, 15,625. இந்த மூன்று எண்களும் ஒன்றாகக் குறையாததுதான் மாதிரி செய்பவருடைய முழுப் பிரச்சினை. இதை முதலில் தெளிவாக எழுதியவர் கலிலியோ. வயதான காலத்தில், வீட்டுக் காவலில் இருந்தபடி எழுதிய கடைசி நூல் 1638-இல் லைடனில் அச்சானது. சிறிய எலும்பையும் அதே வேலையைப் பெரிய உடலில் செய்யக்கூடிய எலும்பையும் அதில் அவர் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். பெரியது நீளத்தில் மூன்று மடங்குதான். ஆனால் தடிமன் அதைவிடப் பல மடங்கு கூடிப் பார்க்கவே விகாரமாக இருக்கும். சுமை கன அளவோடு ஏறுகிறது, தாங்கும் வலு குறுக்குவெட்டுப் பரப்போடு மட்டுமே ஏறுகிறது என்பதுதான் அவர் சொன்ன செய்தி. 1926-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதையே விலங்குகளுக்குப் பொருத்தி எல்லோருக்கும் புரியும்படி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, புவனேஸ்வரத்தில் மறைந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நம் தேருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக உதவுகிறது. சிறியது எப்போதுமே தேவைக்கு மேல் வலுவாக இருக்கும். அச்சு கடைய நான் போன ராஜபாளையம் மில் ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. மில் இருக்கும் ஊரில் லேத் பட்டறை இல்லாமல் இருக்காது. அச்சுக்கு அளவு எழுதி ஒரு பட்டறையில் கொடுத்தேன்: 10 மில்லிமீட்டர் கம்பி, இரண்டு முனையிலும் படி.

“எந்த மிஷினுக்கு சார் இது?” என்றார் லேத் ஓட்டுபவர்.

“மிஷினுக்கு இல்லைண்ணே. தேருக்கு. சின்னத் தேர்.”

“எவ்வளவு வெயிட் உக்காரும்?”

“மொத்தமே இருபது கிலோ.”

“அதுக்கு எதுக்கு சார் இந்தத் தடி? பாதிகூட வேண்டாமே.”

அவர் சொன்னது துல்லியமான இயற்பியல். அச்சு வளைந்து முறியாமல் தாங்குவது அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. மாதிரியில் அச்சின் மேல் ஏறும் தகைவு பெரிய தேரில் உள்ளதைப் போல 25-இல் ஒரு பங்குதான். ஆகவே 10 மில்லிமீட்டருக்குப் பதிலாக மூன்றரை மில்லிமீட்டர் கம்பி போட்டாலே பெரிய தேரின் அச்சுக்கு இருக்கும் அதே பாதுகாப்பு கிடைத்துவிடும். ஆனால் அப்படிப் போட்டால் பார்வைக்குத் தேர் தேராக இருக்காது. 10 மில்லிமீட்டரிலேயே கடைந்து வாங்கினேன்.

வடம் பிடிப்பதிலும் இதே கதைதான். எண்ணெய் தடவிய பழைய பாணி அச்சில் உராய்வுக் குணகம் 0.25 என்றும், அச்சின் விட்டம் சக்கரத்தின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு என்றும் கொள்வோம். இழுக்கத் தேவையான விசை எடையில் சுமார் 3 சதவீதம். 300 டன் தேருக்கு அது 9 டன்னுக்கு மேல். ஒருவர் விடாமல் 20 கிலோ விசை கொடுப்பார் என்றால் சமதளத்தில் 470 பேர் வேண்டும். தேரை நிலையிலிருந்து கிளப்புவதற்கும் மேட்டுக்கும் இன்னும் அதிகம். நம் மாதிரிக்கோ 600 கிராம் விசை போதும். இரண்டு விரலால் இழுத்துவிடலாம். இருபத்தைந்தில் ஒரு பங்கு உயரமுள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்றால் அவர்களில் எத்தனை பேர் வேண்டும்? 470 என்று தோன்றும். ஆனால் தசையின் வலு பரப்பளவோடு குறைய, தேரின் எடை கன அளவோடு குறைகிறது. 19 பேரே போதும். எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கைத் தூக்கிச் செல்வதன் ரகசியம் இதுதான்; எறும்பின் தசையில் தனி மாயம் ஒன்றும் இல்லை.

எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஒரு சாட்சி நிற்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தின் கல்தேர், ஆழித்தேரை மாதிரியாகக் கொண்டு கணபதி ஸ்தபதி வடிவமைத்தது. உயரம் 128 அடி. 96-இலிருந்து 128 என்பது ஒன்றே கால் மடங்குக்குச் சற்று அதிகம்தான். ஆனால் கன அளவு கிட்டத்தட்ட 2.4 மடங்காகிறது; மரத்தைவிடக் கருங்கல் மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. 300 டன் என்று தொடங்கியது 2,000 டன்னைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கல்தேரின் எடை சுமார் 2,700 டன் என்கிறார்கள். அதன் சக்கரங்கள் உருள்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஐந்து மடங்கு அவசரம்

இருபத்தைந்து என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதன் வர்க்கமூலம் முழு எண்: ஐந்து.

தொம்பை ஒன்று 2.5 மீட்டர் நீளம் தொங்குகிறது என்போம். தேர் ஒரு குலுக்கு குலுங்கினால் அது ஊசல் போல ஆடும். ஒரு முறை போய்வர சுமார் 3.2 நொடி ஆகும். மாதிரியில் அதே தொம்பை 10 சென்டிமீட்டர், போய்வர 0.63 நொடி. நீளம் 25 மடங்கு குறைந்தது, நேரம் 5 மடங்கு குறைந்தது. ஊசலின் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது என்று பள்ளியில் படித்தது இங்கே கைகொடுக்கிறது. விழுவது, ஆடுவது, சாய்வது என்று புவியீர்ப்பு நடத்தும் எல்லாமே மாதிரியில் ஐந்து மடங்கு அவசரமாக நடக்கும். சின்னத் தேர்கள் பொம்மையாகத் தெரிவதற்கு முதல் காரணம் செதுக்கலின் குறை இல்லை, இந்த அவசரம்தான். ‘தேர் அசைந்து வருகிறது’ என்று நாம் சொல்லும்போது அந்த அசைவின் மெதுவைத்தான் பருமனாக உணர்கிறோம். எவ்வளவு பெரியது என்று கண் தூரத்தை வைத்து அளப்பதைப் போலவே நேரத்தை வைத்தும் அளக்கிறது.

இதை முறையாக ஒரு விதியாக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். கப்பல் கட்டுவதற்கு முன்பே அதன் சிறு மாதிரியை நீரில் இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி. மாதிரியின் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் குறைத்து இழுத்தால், அது எழுப்பும் அலைகள் பெரிய கப்பலின் அலைகளை அப்படியே ஒத்திருக்கும் என்று கண்டார். 1872-இல் டார்க்கி நகரில் இதற்கென்றே நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் இன்று கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டி அதன் வாரிசு.

ஃப்ரூட் விதிப்படி நம் தேர் என்ன வேகத்தில் போக வேண்டும்? பெரிய தேர் நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்றால், மாதிரி நொடிக்கு 10 சென்டிமீட்டர். மோட்டார் பொருத்துவதாக இருந்தால் சக்கரம் நிமிடத்துக்கு 19 சுற்று சுற்ற வேண்டும். அதற்குக் கியர் வைத்த சின்ன மோட்டார் போதும். வெறும் கண்ணுக்கு இந்த வேகம் ஓட்டமாகத் தெரியும். கைபேசியில் நொடிக்கு 120 படம் எடுத்து, 24 படமாக ஓட்டிப் பாருங்கள். சரியாக ஐந்து மடங்கு மெதுவாகும். தொம்பை 3.2 நொடிக்கு ஒரு முறை ஆடும், தேர் தேராகிவிடும். சினிமாவில் மினியேச்சர் காட்சிகளை அதிவேகக் கேமராவில் எடுப்பது இதற்காகத்தான். வெறும் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நொடிக்கு 2 சென்டிமீட்டர் என்று உருட்டலாம். அப்போது சக்கரம் சரியாகத் தெரியும், தொம்பை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். நான் தொம்பையின் பக்கம்.

மூங்கிலுக்கு எண்ணெய்க் கேன்

முதல் மாதிரியில் விமானச் சட்டத்தை மூங்கிலைச் சீவியே கட்டினோம். அழகாக இருந்தது. இழுத்தால் அசையவில்லை, நடுங்கியது.

காரணம் இது. ஊசல் ஆடுவது புவியீர்ப்பால். மூங்கில் சட்டம் ஆடுவது அதன் விறைப்பால். அதே பொருளில், அதே வடிவில் ஒன்றை 25 மடங்கு சிறிதாக்கினால் அதன் அதிர்வெண் 25 மடங்கு ஏறிவிடும். பெரிய விமானம் நொடிக்கு ஒரு முறை மெல்லச் சாய்ந்து நிமிர்கிறது என்றால் மாதிரி விமானம் நொடிக்கு 25 முறை. அது கண்ணுக்கு அசைவாகவே தெரியாது, வெறும் நடுக்கம். நமக்கு வேண்டியதோ நொடிக்கு 5 முறை. தொம்பையோடு பொருந்துவது அதுதான். அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்றால், பொருளின் விறைப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காக வேண்டும். அடர்த்தி ஏறக்குறைய மூங்கில் அளவே இருக்க வேண்டும்.

விறைப்பின் அளவான மீள்குணகம் மூங்கிலுக்கு 10 முதல் 20 கிகாபாஸ்கல். அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு 0.4 முதல் 0.8. மரங்களில் இப்படி ஒன்று கிடையாது. பிளாஸ்டிக்கில் இருக்கிறது: எண்ணெய்க் கேன் செய்யும் ஹெச்.டி.பி.இ. அந்த எல்லையை ஒட்டியே வருகிறது. சமையலறையில் காலியான ஐந்து லிட்டர் கேனை நீளவாக்கில் பட்டையாக அறுத்து, மூங்கில் நிறம் பூசி, கணுவுக்குக் கணு நூல் சுற்றிக் கட்டினால் சட்டம் தயார். அதன் மேல் துணி போர்த்தி இழுத்தபோது விமானம் முதல் முறையாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

இந்த இடத்தில்தான் மாதிரி செய்வது பற்றி நான் நம்புகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். மூங்கிலுக்கு மூங்கில், இலுப்பைக்கு இலுப்பை, துணிக்குத் துணி என்று வைப்பதுதான் நேர்மை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வைத்தால் பொருள் உண்மையாக இருக்கும், நடத்தை பொய்யாகிவிடும். நடத்தை உண்மையாக வேண்டும் என்றால் பொருளை மாற்றியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சிறிதாக்க இயற்கை விடுவதில்லை. எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். மெருகேற்றுதல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த முடிவுகள்தான். வார்னிஷ் பூசுவது அதன் கடைசிச் சிறு பங்கு.

சிற்பங்களுக்கும் இதே முடிவு தேவைப்பட்டது. தேர்ச் சிற்பங்கள் பெரும்பாலும் இலுப்பையில் செதுக்குபவை. அரை மீட்டர் உயரச் சிற்பம் மாதிரியில் 2 சென்டிமீட்டர்; மூக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மரத்தின் நாளத் துளைகள் மட்டும் சிறிதாவதில்லை. 0.1 மில்லிமீட்டர் துளை என்றாலும் 25-ஆல் பெருக்கினால் இரண்டரை மில்லிமீட்டர். சாமி முகத்தில் அம்மைத் தழும்பு போலத் தெரியும். ஆகவே நார் நெருக்கமான வெட்பாலை. சன்னபட்டணாவிலும் ஏடிகொப்பாக்காவிலும் கடைசல் பொம்மை செய்பவர்கள் தலைமுறைகளாக நம்பியிருக்கும் மரம் அது.

சத்திரப்பட்டித் துணி

துணிதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. சின்னத் தேர்களின் துணி அட்டையை வெட்டி ஒட்டியதுபோல நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தைப்பவருடைய குறை இல்லை. துணி எந்த நீளத்தில் தன் எடையால் தானே வளையத் தொடங்கும் என்பது அந்தத் துணிக்கே உரிய ஒரு அளவு. மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்தில் இருந்த எஃப்.டி. பியர்ஸ் 1930-இல் இதற்கு வளைநீளம் என்று ஒரு அளவீட்டைக் கொடுத்தார். சோதனை எளிது. துணியைப் பட்டையாக வெட்டி மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். நுனி தொங்கித் தொங்கி, விளிம்பிலிருந்து 41.5 பாகை சரிவாக இறங்கும் ஒரு தளத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, வெளியே நிற்கும் நீளத்தை அளந்து பாதியாக்கினால் வளைநீளம். ஜவுளிச் சோதனைக் கூடங்களில் இன்றும் இதே முறை.

சட்டைத் துணி ஒன்றின் வளைநீளம் 2 சென்டிமீட்டர் என்போம். இரண்டரை மீட்டர் தொம்பைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. துணி குழைந்து மடிப்பு மடிப்பாக விழும். 10 சென்டிமீட்டர் தொம்பையில் அதே 2 சென்டிமீட்டர் என்பது ஐந்தில் ஒரு பங்கு; மடிப்பே விழாது. வளைநீளத்தையும் 25 மடங்கு குறைக்க வேண்டும். துணியை ஒரே உடலான தாளாகக் கருதிக் கணக்குப் போட்டால் அதற்குத் தடிமனை 125 மடங்கு குறைக்க வேண்டியிருக்கும்! கால் மில்லிமீட்டர் துணி 2 மைக்ரானாக வேண்டும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. எந்தத் தறியும் அதை நெய்யாது.

நெய்ய முடியாததை எப்படி ஏமாற்றுவது? துணி ஒரே உடல் இல்லை, நூல்களின் கூட்டம் என்பது ஒரு வழி திறந்துவிடுகிறது. நூலும் நூலும் இறுகக் கோத்துக்கொண்டால் துணி விறைக்கும். இடம் விட்டு நின்று ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் குழையும். இடைவெளி விட்டு நெய்த துணிக்கு ராஜபாளையத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதற்கென்றே பெயர் பெற்ற ஊர். அந்தத் துணியைக் கஞ்சி முழுவதும் போகும்வரை அலசி, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் போட்டு, தொம்பைக்குச் சுற்றினோம். அடி ஓரத்தை மடித்து, அதற்குள் மெல்லிய சால்டரிங் ஈயக் கம்பியை நுழைத்தோம். ஈயத்தின் எடை துணியைக் கீழே இழுக்க, மடிப்புகள் விழுந்தன.

இதிலும் விட்டுக்கொடுத்தல் உண்டு. 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் விட்டம் சுமார் 0.14 மில்லிமீட்டர். 25-ஆல் பெருக்கினால் மூன்றரை மில்லிமீட்டர்: பெரிய தேரின் தொம்பையைச் சணல் கயிற்றால் நெய்தது போல. அருகில் போய்ப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அரை மீட்டர் தள்ளி நின்றால் நூல் மறைந்து மடிப்பு மட்டும் தெரியும். நான் அரை மீட்டரை ஏற்றுக்கொண்டேன்.

ஆடிக் காற்றும் மேசை விசிறியும்

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டம் அந்த ஆடியில்தான். மேற்கே மலை, அதைத் தாண்டி இறங்கும் தென்மேற்குக் காற்று வீதிகளில் வீசும்போது, உயர்ந்து நிற்கும் துணி விமானம் ஒரு பாய்மரம். தேர் ஏன் கவிழ்வதில்லை? கனமெல்லாம் கீழே மரப்பீடத்திலும் அச்சிலும் சக்கரத்திலும் இருக்கிறது. மேலே மூங்கிலும் துணியும் மட்டும். உயரத்தைக் கண்ணுக்குக் கொடுத்து, எடையைத் தரைக்குக் கொடுத்திருக்கிறார்கள் நம் ஸ்தபதிகள்.

எந்தக் கோணத்தில் சாய்த்தால் கவிழும் என்பது சக்கரங்களின் இடைவெளியில் பாதிக்கும் ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே பொறுத்தது. விகிதம் என்பதால் அளவு சிறிதானாலும் மாறாது. மாதிரியைப் பலகையில் நிறுத்திப் பலகையை மெல்லத் தூக்கினால் கவிழும் கோணம் தெரிந்துவிடும். எடைப் பங்கீடு சரியாக இருந்தால் அதுவே பெரிய தேரின் கோணம். எடைப் பங்கீடு சரியாக இருக்கத்தான் பாடுபட வேண்டும். பிளைவுட் பெட்டியாகச் செய்த பீடம் உள்ளே காலியாக இருக்கும். அதற்குள் அச்சுக்கு ஒட்டினாற்போல் இரும்புத் துண்டுகளை அடுக்கி, மொத்தம் 19 கிலோ வரும்வரை நிரப்பினோம்.

காற்றுக்கும் ஐந்துதான் மந்திர எண். காற்றின் விசை வேகத்தின் இருமடியோடும் பரப்போடும் போகிறது. எதிர்த்து நிற்கும் எடை கன அளவோடு. ஆகவே மாதிரியின் மேல் நொடிக்கு 2 மீட்டர் வீசும் காற்று, பெரிய தேரின் மேல் நொடிக்கு 10 மீட்டர் வீசுவதற்குச் சமம். மேசை விசிறியின் காற்று நொடிக்கு 2, 3 மீட்டர் இருக்கும். பெரிய தேருக்கு அது மணிக்கு 36 முதல் 54 கிலோமீட்டர் வேகக் காற்று, முழு ஆடிக் காற்று. வீட்டில் விசிறியைப் போட்டதும் மாதிரித் தேரின் சீலை படபடவென்று அடித்துக்கொண்டால் அது மாதிரியின் குறை இல்லை. ரத வீதியில் நடப்பதைத்தான் அது காட்டுகிறது.

முட்டுக்கட்டை

சக்கரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தைத் தன் தலைவனுக்கு உவமை சொன்னார் ஔவையார், புறநானூற்றில். தேரில் எது கடினம் என்று தெரிந்தவர் சொன்ன சொல் அது. மாதிரிச் சக்கரம் வட்டத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பெரிய தேரில் இரண்டரை சென்டிமீட்டர் மேடு. ஒவ்வொரு சுற்றுக்கும் தேர் நொண்டும். இப்போது பெரிய தேர்கள் பலவற்றில் மரச் சக்கரம் இல்லை. 1948-இல் நின்றுபோன ஆழித்தேர் 1970-இல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் இரும்புச் சக்கரத்துக்கு மாறிவிட்டது.

பிரேக் வந்தாலும் முட்டுக்கட்டை போகவில்லை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்கள் அச்சோடு நேராகவே நிற்பவை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டுத் தடுத்தால் மறுபக்கம் முன்னேறி, தேர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். முனையில் கூர்மையாகத் திருப்ப, திருவாரூரில் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போட்டு, வழுக்கப் பசை தடவுகிறார்கள். உராய்வும் விகிதமே என்பதால் மாதிரித் தேரும் இதையெல்லாம் அப்படியே செய்கிறது. மெலிந்த தகட்டில் கிரீஸ் தடவி, சுண்டுவிரல் நகம் அளவுள்ள கட்டையை வைத்து மேசைமேல் அதைத் திருப்பலாம்.

ஆனால் வேகத்தைக் கவனிக்க வேண்டும். ஆரம் 1.25 மீட்டர் உள்ள சக்கரத்தின் முன்னால் 12.5 சென்டிமீட்டர் உயரக் கட்டை கிடக்கிறது. நின்ற நிலையிலிருந்து வெறும் இழுவையால் அதன் மேல் ஏற, அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் கிட்டத்தட்டப் பாதியளவு விசை வேண்டும். வடம் கொடுப்பதோ 3 சதவீதம். கட்டை அசையாமல் நின்றுவிடும். தேர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. முன் சக்கரங்கள் இரண்டும் கட்டையின் மேல் ஏறத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டால், நொடிக்கு சுமார் 1.1 மீட்டர் வேகமே போதும். மணிக்கு 4 கிலோமீட்டர், நாம் சாதாரணமாக நடக்கும் வேகம். அதற்கு மேல் தேர் கட்டையை மதிக்காது.

மாதிரியில் அதே எல்லை நொடிக்கு 22 சென்டிமீட்டர். கட்டை 5 மில்லிமீட்டர். அந்த வேகத்துக்குக் கீழே இழுத்தால் முன் சக்கரம் கட்டையில் முட்டி நிற்கிறது, விமானம் முன்னால் சாய்ந்து நிமிர்கிறது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் சக்கரம் கட்டையின் மேல் ஏறி, அப்பால் இறங்கி, போய்க்கொண்டே இருக்கிறது. தேரோட்டத்தில் கட்டை போடுபவர் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் குனிந்தபடி, ஒரு கண்ணைச் சக்கரத்திலும் ஒரு கண்ணை வடம் பிடிப்பவர்களிலும் வைத்து, கூட்டம் வேகமெடுப்பதற்குள் கட்டையைச் செருகி, கையை இழுத்துக்கொள்கிறார். அவருக்கு அந்த 1.1 மீட்டர் எப்போது நெருங்குகிறது என்று தெரியும். அடுத்த ஆடிப் பூரத்தில் மேல ரத வீதி முனையில் நிற்க இடம் கிடைத்தால், மேலே கலசத்தைப் பார்த்து முடித்த பிறகு, கீழே அவர் கைகளையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.